பின்சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டி

மதுரை,
9-11-1983

மாப்ள சந்தானத்துக்கு,

சுருளி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இரண்டு வருடமாக உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை. செத்தாலும் உன்னிடம் வந்து நிற்கக் கூடாது என்றுதான் வீம்பாக இருந்தேன். நேற்று நடந்ததில் அந்த வீம்பெல்லாம் போய்விட்டது.

டாக்டரம்மாவின் ஜெர்மன் கார் உனக்கு ஞாபகம் இருக்கும். மறக்கவா போகிறாய், அதை வைத்துத்தானே நமக்குள் சண்டையே வந்தது. சாரதாம்பாள் அம்மா இன்னும் அதைத்தான் ஓட்டுகிறார். அவர் வீட்டுக்காரர் வெளிநாட்டு வேலை முடிந்து வரும்போது கப்பலில் கொண்டுவந்த வண்டி. அவர் காலமான பிறகு அதை விற்க இந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் கோச்சடையிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு சோழவந்தானுக்குப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துவிட்டு வருகிறார்.

நேற்று செவ்வாய். சோழவந்தானுக்கு முன்னால் ரயில்வே கேட் இருக்கிறதே, அங்கே முன்சக்கரம் தண்டவாளத்தில் குதித்து ஏறிய நொடியில் எஞ்சின் அணைந்துவிட்டது. இருமவில்லை, திணறவில்லை. சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்த மாதிரி அணைந்திருக்கிறது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார், பிடிக்கவில்லை. அதே நேரத்தில் கேட்கீப்பர் பேயாண்டிக்குப் போன் வந்துவிட்டது, சரக்கு ரயில் கிளம்பிவிட்டது என்று. அந்த மனுசன் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்திலேயே ஓடியிருக்கிறார். வெற்றிலைக் கூடையோடு வந்த நாலு பேர் கூடையைப் போட்டுவிட்டுக் காரைத் தள்ளியிருக்கிறார்கள். கார் வெளியே வந்தபோது ரயில் நூறு அடி தள்ளி நின்றதாம்.

இன்று காலையில் பேயாண்டியைப் பார்த்தேன். "அண்ணே, எனக்கு இன்னும் காலு தரையில பாவல. ரயிலு நிக்கலேன்னா அந்தம்மாவ அள்ளித்தான் எடுத்திருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மாவோ சிரிக்கிறார். "என்ன சுருளி, ஒன் வண்டி என்னைய மேல அனுப்பப் பாத்துச்சே" என்றார். அவ்வளவுதான். வேறு யாராவது என்றால் என் சட்டையைப் பிடித்திருப்பார்கள்.

பம்ப், ஃபில்டர், காயில், பாயிண்ட் எல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை. நம் மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்து வந்ததும் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நின்றுபோன வண்டி என்றால் சரி பண்ணலாம். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் எதைப் போய்த் தேடுவது?

நான் தொட்டுப் பார்க்காதது ஒன்றே ஒன்றுதான். பின்சீட்டுக்கு அடியில் இருக்கிற அந்த அலுமினியப் பெட்டி. எஞ்சினுக்கு எந்த நேரத்தில் எம்புட்டு பெட்ரோல் போகணும் என்று சொல்கிற கம்ப்யூட்டர், இந்த வண்டிக்கு அதுதான் மூளை என்று நீ சொல்வாய். அதுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மறுபடி அந்தக் கேட்டைத் தாண்டிப் போவார். என் மேல் இருக்கிற கோபத்தை அவர் மேல் காட்டாதே. உடனே பதில் போடு.

சுருளி

பம்பாய்,
16-11-1983

சுருளிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

"பொட்டியக் கீழ வைடா, காரும் ரேடியோவும் ஒண்ணாடா ஒனக்கு" என்று ஷெட்டில் அத்தனை பேர் முன்னால் நீ கத்தியதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இங்கே வெளிநாட்டுக் கார்களுக்கென்றே இருக்கிற ஒரு ஷெட்டில் வேலை பார்க்கிறேன். இந்த மாதிரிப் பெட்டி வைத்த கார்கள் நாலைந்து பார்த்தாயிற்று. இங்கே யாரும் என்னை ரேடியோக்காரன் என்று சொல்வதில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். முதலில் டாக்டரம்மாவுக்கு ஒன்று சொல்லிக் கொடு. மறுபடி அந்த இடத்தில் நின்றால் முதல் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல். எஞ்சின் பிடிக்காவிட்டாலும் ஸ்டார்ட்டரே வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடும். தண்டவாளத்தைத் தாண்ட அது போதும்.

அடுத்தது, எஞ்சின் ஓடும்போது பெட்டியை ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டிப் பார். எஞ்சின் அணைந்தால் குறை பெட்டியிலோ அதில் செருகுகிற பிளக்கிலோதான். பிறகு வெயிலில் ஒரு மணி நேரம் ஓடவிடு. அணைந்தால் ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பெட்டி மேல் வை. உடனே பிடித்துக்கொண்டால் உள்ளே எங்கோ ஒரு இணைப்பு விட்டுவிட்டுச் சேர்கிறது. சூட்டில் விலகும், குலுங்கினால் விலகும். தண்டவாளத்தில் அதனால்தான் நின்றிருக்கும்.

பெட்டி மேல் ஒட்டியிருக்கும் எண்ணை எழுதி அனுப்பு. பிளக்கைக் கழற்றுமுன் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் பெட்டி கருகிவிடும்.

என்ன காரணம் கொண்டும் பெட்டியைத் திறக்காதே. மூடியின் ஸ்குரூவில் கை வைக்காதே. கேட்டாயா?

சந்தானம்

மதுரை,
23-11-1983

மாப்ள,

நீ மாப்ள என்று எழுதாவிட்டால் போ, நான் எழுதுகிறேன்.

தட்டினேன். மூன்றாவது தட்டில் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் பண்ணித் தட்டினேன், மறுபடி அணைந்தது. என் விரல் அளவு தட்டுதான் மாப்ள. இம்புட்டு லேசான தட்டுக்கு ஒரு கார் செத்துப்போகும் என்றால் அதை எப்படி ரோட்டில் விடுவது? மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்து வைத்தேன். வைத்த இரண்டாவது நிமிஷம் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஷெட்டில் மீன் நாற்றம் இன்னும் போகவில்லை.

பெட்டியின் எண்ணில் கடைசி மூன்று 043. கண்ணாடி போட்டு இரண்டு தரம் பார்த்து எழுதியிருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்கு ஸ்டார்ட்டர் வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். ஷெட்டுக்கு முன்னாலேயே இரண்டு தடவை செய்து காட்டினார். "அப்ப மறுபடி நிக்கும்னு சொல்றியா?" என்று கேட்டார். "இல்லம்மா, ஒரு இதுக்குத்தான்" என்றேன். ஏன் நின்றது என்று கேட்டார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பெட்டிதான் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லலாமே என்று நீ கேட்பாய். சொன்னால் எப்படிக் கெட்டது என்று அடுத்த கேள்வி வரும். அந்த அம்மா அப்படித்தான், காய்ச்சல் என்று போனாலே எங்கே போனே, என்ன தின்னே என்று நோண்டி நோண்டிக் கேட்பார். அதை விடு. நீ வேறு பெட்டி கிடைக்குமா என்று தேடு.

திறக்காதே என்று அம்புட்டு அழுத்தி எழுதியிருக்கிறாயே, எதற்கு?

சுருளி

(அஞ்சல் அட்டை)
26-11-1983

மாப்ள, நேற்று வெள்ளிக்கிழமை மறுபடி அதே இடத்தில் நின்றுவிட்டது. ஸ்டார்ட்டரில் நகர்த்தி வெளியே வந்துவிட்டார். ரயில் எதுவும் வரவில்லை. எல்லார் புண்ணியமும்தான். "ஒன் வித்தை பலிச்சுருச்சு" என்று என்னிடம் சிரிக்கிறார். எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சீக்கிரம் எழுது. சுருளி.

பம்பாய்,
1-12-1983

மாப்ள சுருளிக்கு,

உன் அட்டையைப் படித்த பிறகு வேலைக்குப் போகவில்லை. மழுப்பாமல் எழுதிவிடுகிறேன்.

பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டி பார்த்தேன். அதே அலுமினியம், அதே பிளக். எண் மட்டும் 037. நம் வண்டியில் செருகினால் அழகாகப் பொருந்தும், எஞ்சினும் ஓடும். ஆனால் பெட்ரோல் அளவு தப்பாகப் போகும், ஏற்றத்தில் எங்காவது திணறும். எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வைத்துவிட்டேன். 043 தான் வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறேன்.

திறக்காதே என்று ஏன் எழுதினேன் என்று கேட்டாயே. எண்பத்தொன்றில் நீ கோயில் கொடைக்காகப் பேரையூர் போயிருந்த நாலு நாளில் அந்த வண்டி ஒரு தடவை முரண்டு பிடித்தது. நான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்னக் கம்பி கால் ஆடிக்கொண்டிருந்தது. ரேடியோ ரிப்பேருக்கு நான் வைத்திருந்த இரும்பைக் காயவைத்து ஈயம் பற்றவைத்தேன். வண்டி ஓடியது. உன்னிடமும் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. நீ திரும்பி வந்த அன்று பெட்டி என் கையில் இருப்பதைப் பார்த்துத்தான் கத்தினாய். நான் கோபித்துக்கொண்டு பம்பாய் ரயில் ஏறினேன். உண்மையைச் சொல்கிறேன் மாப்ள, அன்றைக்குக் கோபம் பாதி, பயம் பாதி. செய்ததைச் சொல்ல வேண்டி வருமே என்று ஓடிவந்துவிட்டேன்.

இப்போது விட்டுவிட்டுச் சேர்வது அந்த இடமாகத்தான் இருக்கும். நான் வைத்த ஈயம்தான் அவரைத் தண்டவாளத்தில் நிறுத்துகிறது. அடிக்கடி அந்தக் கேட் கண்ணுக்குள் வருகிறது. அவருக்கு ஏதாவது ஆனால் நான் மதுரைப் பக்கமே தலைகாட்ட மாட்டேன்.

வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. என்னால்தான் என்று சொல். எனக்கு நேரே எழுதத் தைரியம் இல்லை.

சந்தானம்

மதுரை,
7-12-1983

மாப்ள,

உன் கடிதம் வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டேன். நீ பற்றவைத்த இடத்தைக் கண்டுபிடித்தேன். கல்லு மாதிரி இருக்கிறது. ஊசியால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. நீ நிம்மதியாகச் சாப்பிடு. உன் வேலை இல்லை அது.

என் வேலை.

பிளக் செருகுகிற இடத்தில் பின் எல்லாம் பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கிறது. போர்டில் அந்த மூலையில் கோடு கோடாக அரித்திருக்கிறது. அதன் மேல் மஞ்சளாகக் காய்ந்த ஒரு படை. சுரண்டி மோந்து பார்த்தேன். மோந்து பார்க்கத் தேவையே இல்லை, எனக்கு முன்னாலேயே தெரியும். சந்தனம்.

ஆயுத பூஜைக்கு நம் ஷெட்டில் ஸ்பேனரிலிருந்து ஜாக்கி வரைக்கும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம், உனக்குத் தெரியாததா. போன வருஷமும் இந்த வருஷமும் டாக்டரம்மா வண்டி பூஜைக்கு நம்மிடம்தான் இருந்தது. நீ அதை மூளை, மூளை என்று சொல்லியிருந்தாயா? சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைத்துவிட்டு மூளைக்கு வைக்காமல் விடுவதா என்று தோன்றியது. சீட்டைத் தூக்கி, பெட்டியை ஈரத் துணியால் துடைத்து, மூன்று விரலில் குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். இந்த வருஷம் சந்தனம் கொஞ்சம் தண்ணியாகிப்போய் ஓரத்தில் வழிந்தது. வழியட்டும், குளிர்ச்சிதானே என்று விட்டேன். கும்பிடுவதற்கு வைத்தது மாப்ள. அந்த அம்மா நல்லா இருக்கணும் என்றுதான் வைத்தேன்.

முதல் கடிதம் எழுதும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. நீ தட்டிப் பார்க்கச் சொன்னதுமே உறுதியாகிவிட்டது. ஆனாலும் எழுதவில்லை. நீ உன் தப்பு என்று எழுதிய பிறகுகூட ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். காறித் துப்பு.

நேற்று அவர் வீட்டுக்குச் சொல்லத்தான் போனேன். வாசலில் ஏழெட்டுப் பொம்பளைகள். "என்ன சுருளி?" என்றார். "பின்டயரு தேஞ்சு போச்சும்மா, மாத்தணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முப்பத்தெட்டு வயசில் வேட்டி நழுவினவன் மாதிரி தெருவில் நடந்து வந்தேன்.

பெட்டியை மாட்டாமல் வைத்துக்கொண்டு, பம்பாயிலிருந்து ஒரு சாமான் வரணும் என்றேன். "அது வர்றப்ப வரட்டும், இருக்கறத மாட்டிக் குடு. மாசமா இருக்க ஒருத்திக்கு ரெட்டைப் புள்ள, எப்ப வேணா கூப்புடுவாங்க" என்றார். மாட்ட மாட்டேன் என்று சொல்ல வேண்டுமென்றால் காரணத்தையும் சொல்ல வேண்டும். ஸ்பிரிட் விட்டுக் களிம்பைத் துடைத்து, மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

சுருளி

பம்பாய்,
13-12-1983

சுருளி,

மாட்டிக் கொடுத்துவிட்டாயா? உனக்குப் புத்தி இருக்கிறதா? அரித்துப்போன போர்டு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் முளைக்குமா? நான் பயந்தாங்கொள்ளி, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து பயப்படுகிறேன். நீ அவர் வாசலில் நின்றுகொண்டு டயர் தேய்ந்துவிட்டது என்று சொல்கிறாய்.

043 கிடைத்துவிட்டது. விபத்தில் நசுங்கிய ஒரு காரிலிருந்து எடுத்தது, பெட்டி பின்னால் இருந்ததால் கீறல்கூட இல்லை. இங்கே ஒரு காரில் மாட்டி மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். என் அக்கா கனகலட்சுமி மதுரைக்கு வருகிறாள். பார்சலில் போட்டால் தூக்கி எறிவார்கள் என்று அவள் மடியிலேயே கொடுத்து அனுப்புகிறேன். இருபதாம் தேதி உன் கைக்கு வரும்.

பேட்டரியைக் கழற்று. பிளக்கின் பின்களையும் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய். களிம்பு பிளக்கில் இருந்தால் புதுப் பெட்டிக்கும் அதே கதிதான். பெட்டிக்குக் கீழே ரப்பர் வை. இதெல்லாம் பிறகு. மாட்டுவதற்கு முன்னால் அவரிடம் சொல். மாட்டின பிறகு சொன்னால் அது சொன்னதில் சேர்த்தி இல்லை. வண்டிதான் சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று உன் வாய் மறுபடி டயரைப் பற்றிப் பேசும். எனக்கு உன்னைத் தெரியும்.

இருபத்தைந்தாம் தேதிக்குள் நீ சொல்லவில்லை என்றால் நான் அவருக்கு எழுதுவேன். அதில் உன் சந்தனமும் இருக்கும், என் ஈயமும் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று? அதை முதலில் எழுது. தந்தி அடித்தாலும் சரி.

சந்தானம்

மதுரை,
31-12-1983

மாப்ள சந்தானத்துக்கு,

"நலம்" என்று அடித்த தந்தி கிடைத்திருக்கும். அந்த வெள்ளியும் அடுத்த இரண்டு நடையும் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் பேயாண்டி பக்கத்தில் நின்றேன். ரயில் வருகிறதா என்று நான் கேட்டுக் கேட்டு அந்த ஆள் கடைசியில், "அண்ணே, நீங்க வேணா கேட்டுக்கு வேலைக்கு வந்துருங்க" என்றார்.

இருபதாம் தேதி அக்கா பெட்டியைக் கொடுத்தார். பிரிக்காமலேயே எடுத்துக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். ஆட்கள் எல்லாரும் போகிற வரைக்கும் நின்று, சொன்னேன். சந்தனம், தண்ணீர் கலந்த பெட்ரோல் என்று சொன்ன பொய், டயர், எல்லாம். உன் ஈயத்தைப் பற்றியும் சொன்னேன், அது குறை இல்லை என்பதையும் சேர்த்து.

கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். பிறகு ஒரே கேள்வி. "ரெண்டாவது தடவ நின்னுச்சே. அன்னைக்குக் காலையில வண்டிய குடுக்கும்போது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா" என்றேன்.

"சரி. போய் மாட்டு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நீ சொன்னபடியே மாட்டினேன். பின்னை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன், ரப்பர் வைத்தேன். தட்டினேன், ஓங்கித் தட்டினேன், அணையவில்லை. வெயிலில் மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். நானே கேட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்துத் தடவை ஏற்றி இறக்கினேன். ஒரு திணறல் இல்லை.

இருபத்தேழு செவ்வாய்க்கிழமை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சாவியை வாங்கிக்கொண்டு, "ஏறு" என்றார். முன்சீட்டில் உட்கார்ந்தேன். நேரே கேட்டுக்கு ஓட்டினார். கேட் திறந்து இருந்தது. தண்டவாளத்தின் மேல் ஏற்றினார். ஏற்றி, நிறுத்தினார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா" என்றேன்.

"எறங்காத."

மாப்ள, தண்டவாளம் ரெண்டு பக்கமும் நேராகப் போகிறது. ஒரு பக்கம் பார்த்தால் மறு பக்கம் வருமோ என்று இருக்கிறது. மறு பக்கம் பார்த்தால் இந்தப் பக்கம். எனக்குக் காதுக்குள் ரயில் சத்தமே கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாடியை எண்ணினார். முழுசாக ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் என் பிள்ளைகள் முகமெல்லாம் வந்து போய்விட்டது.

"நூத்தி முப்பது" என்றார். "எனக்கு அன்னைக்கு இதுக்கு மேல இருந்திருக்கும்."

சாவியைப் போட்டுத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. தாண்டி வந்து ஓரமாக நிறுத்தினார். அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது என்று பேயாண்டியிடம் முதல் நாளே கேட்டு வைத்திருக்கிறார், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் கதவைத் திறந்து கீழே விழாத குறையாக இறங்கினேன். வேறு ஷெட்டுக்குத்தான் இனி வண்டி போகும், நம் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

கண்ணாடியை இறக்கிவிட்டு, "வெள்ளிக்கெழம காலையில எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துரு. இனிமே செவ்வாய், வெள்ளி நான் இந்த கேட்டத் தாண்டுறப்ப நீ பக்கத்துல உக்காந்திருக்கணும்" என்றார்.

"வண்டி இனி நிக்காதும்மா, சத்தியமா நிக்காது."

"வண்டிய யாரு சொன்னா?"

நேற்று வெள்ளிக்கிழமை. போனேன். வாசலில் இருந்தவர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டே வந்து வண்டியில் ஏறினார். வழியெல்லாம் அந்த ரெட்டைப் பிள்ளைகள் நல்லபடியாகப் பிறந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். கேட் கண்ணுக்குத் தெரிந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கையும் நடுங்கியது மாப்ள. உதடு வெளுத்துப்போனது. நவம்பரிலிருந்து அந்தச் சிரிப்பைப் பார்த்து, பயமே இல்லாத பொம்பளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் இப்படித்தான் தாண்டியிருக்கிறார், தனியாக.

தாண்டியதும் வண்டியை நிறுத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தன நாளைக்கும்மா நான் வரணும்?" என்று கேட்டேன்.

"எனக்குப் பயம் போற வரைக்கும்" என்றார்.

சரிம்மா, வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

சுருளி